பிராசசர் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

சித்திரைத் திருவிழா முடிஞ்ச மறுநாள். வீரபாண்டியில ராட்டினத்தைக் கழற்றி லாரியில ஏத்திக்கிட்டு இருக்காங்க. பொரிகடலைக் கடைக்காரர் தார்ப்பாயை மடிக்கிறார். ஊரே அசந்து தூங்குது. நீங்க மட்டும் தூங்கலை!

எட்டு நாளா எடுத்த வீடியோ மொத்தமும் கம்ப்யூட்டர்ல கிடக்கு. அக்னிச்சட்டி, ஆயிரங்கண் பானை, முல்லைப் பெரியாத்துல முங்கி எழுந்து ஈரத் துணியோட கௌமாரியம்மன் கோயிலுக்கு நடக்குற கூட்டம்... அத்தனையும் 4கே! ஆசையா டைம்லைன்ல இழுத்துப் போட்டு ப்ளே பட்டனைத் தட்டுறீங்க. சட்டி தூக்கின பக்தர் ஒரு அடி எடுத்து வைக்கிறார்... நிக்கிறார். அடுத்த அடி... மறுபடியும் நிக்கிறார்.

"மச்சி, உன் பிராசசர் டப்பாடா! ஐ9 போடு... பறக்கும்!"

அட்வைஸ் கொடுக்க நம்ம செட்டுல ஆளுக்கா பஞ்சம்?

ஆனா, உங்க கையில இருக்கிறது கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துச் சேர்த்த காசு. பத்தாததுக்கு அம்மா மகளிர் குழுவுல லோன் எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. தவணை கட்டப் போறதும் அம்மாதான். தப்பான பெட்டியை வாங்கிட்டு வந்து நின்னா, அந்தத் தவணை முடியுற வரைக்கும் அம்மா முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியுமா? அதுக்காகத்தான் இந்த ஒரு நிமிஷம்.

மேட்டர் ரொம்ப சிம்பிள். பிராசசரைப் பேரைப் பார்த்து வாங்கக் கூடாது. உங்க வேலை எந்த இடத்துல மூச்சு வாங்குதுன்னு கண்டுபிடிச்சு, அந்த இடத்துல மட்டும் காசைப் போடணும். எப்படின்னு பார்ப்போமா?

அன்னதானக் கூடத்துக்கு வாங்க!

திருவிழா அன்னதானத்துக்குச் சமையல் நடக்குற இடத்தைக் கற்பனை பண்ணிக்கங்க. பிராசசருக்குள்ள இருக்கிற ஒவ்வொரு 'கோர்'ரும் ஒரு சமையல்காரர். 6 கோர்னா 6 பேர். 'கிகாஹெர்ட்ஸ்'ங்கிறது அவங்க கை வேகம். மாஸ்டர் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கிற அஞ்சறைப் பெட்டிதான் 'கேஷ்'. அடுப்புக்குப் பக்கத்துல அடுக்கி வச்சிருக்கிற மளிகை 'ரேம்'. தெருக்கோடி குடோன்தான் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி.

சமையல்காரர் பதினாறு பேரு நின்னாலும் குடோன்ல இருந்து அரிசி வரலைன்னா என்ன பண்ணுவாங்க? கையைக் கட்டிக்கிட்டு ஊர்க்கதை பேசுவாங்க! பழைய ஹார்ட் டிஸ்க்கை வச்சுக்கிட்டு புது பிராசசர் வாங்குறவங்க கதி இதுதான்.

இன்னொண்ணு. எல்லா வேலையையும் ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சுக் கொடுத்துட முடியாது. வெங்காயம் உரிக்கிறதைப் பத்துப் பேருக்குப் பிரிக்கலாம். ரசத்தைத் தாளிக்கிறது ஒருத்தர்தான்! கேமுக்கும் எடிட்டிங்குக்கும் உள்ள வித்தியாசமே இங்கதான் ஆரம்பிக்குது.

கேம் பார்ட்டிகளுக்கு...

கேம்ல ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ரெண்டு வேலை. எதிரி எங்கே நிக்கிறான், குண்டு யார் மேல பட்டுச்சு, கதவு திறந்துச்சான்னு கணக்குப் போடுறது பிராசசர். அந்தக் காட்சியைப் படமா வரையறது கிராஃபிக்ஸ் கார்டு. கணக்குல பெரும்பகுதி ஒண்ணு ரெண்டு கோர் தலையிலதான் விழும். அதாவது, தாளிக்கிற வேலை! அதனால கேமுக்கு 16 சுமாரான கோரை விட, கை வேகமான 6 அல்லது 8 கோர் மேல்.

அஞ்சறைப் பெட்டி சமாசாரத்தை ஏ.எம்.டி. 2022-ல அட்டகாசமா செஞ்சு காட்டிச்சு. ரைசன் 7 5800எக்ஸ் பிராசசர்ல எல்3 கேஷ் 32 எம்.பி. அது மேலயே இன்னொரு அடுக்கு கேஷை ஒட்டி 96 எம்.பி. ஆக்கி, 5800எக்ஸ்3டி-ன்னு வெளியிட்டாங்க. வேகம் கூட்டலை. சொல்லப் போனா, கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனா பல கேம்கள்ல அண்ணனையே ஓரங்கட்டிடுச்சு! அதே குடும்பத்துல 2023-ல 7800எக்ஸ்3டி, 2024 நவம்பர்ல 9800எக்ஸ்3டி வந்துச்சு.

உடனே "அப்போ அதையே வாங்கிடுறேன்"னு கிளம்பிடாதீங்க. உங்க மானிட்டர் என்ன? 60 ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 60 படத்துக்கு மேல அதால காட்டவே முடியாது. பிராசசர் 300 ஃப்ரேம் தயார் பண்ணினாலும் முக்கால்வாசி கண்ணுக்கே வராது. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி கேம்களை 144 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல சீரியஸா ஆடுறவங்களுக்குத்தான் அந்த அஞ்சறைப் பெட்டி ஆடம்பரம் நியாயம்.

வீட்டுலேயே ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. செட்டிங்ஸ்ல ஃப்ரேம் லிமிட், வி-சிங்க் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு கேமை ஓட விடுங்க. ஃப்ரேம் எத்தனைன்னு குறிச்சுக்கங்க. அடுத்து ரெசல்யூஷனைக் குறைங்க. ஃப்ரேம் ஜிவ்வுன்னு ஏறுதா? கிராஃபிக்ஸ் கார்டுதான் திணறுது. பிராசசர் பாவம், அதைத் திட்டாதீங்க. ரெசல்யூஷனைக் குறைச்சும் ஃப்ரேம் அசையலையா? அப்போ பிராசசர் மேல சந்தேகப்படலாம். பத்து பைசா செலவில்லை!

எடிட்டிங் பார்ட்டிகளுக்கு...

நம்ம திருவிழா வீடியோ ஏன் திக்குச்சு? போன்ல 4கே எடுக்கும்போது இடத்தை மிச்சம் பிடிக்க 'ஹெச்.265'ங்கிற முறையில வீடியோவைச் சுருக்கி வைக்கிறதுதான் வழக்கம். அதுல ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படமா இருக்காது. 'முன்னாடி படத்துல இருந்து இது மட்டும் மாறுது'ன்னு குறிப்பு எழுதி வச்சிருக்கும். நீங்க நடுவுல ஒரு இடத்துல கர்சரை வச்சா, முன்னாடி இருக்கிற குறிப்பையெல்லாம் படிச்சு, கணக்குப் போட்டு, அப்புறம்தான் அந்த ஒரு படத்தைக் காட்ட முடியும். சட்டி தூக்கினவர் ஒவ்வொரு அடிக்கும் நின்ன ரகசியம் இதுதான்.

இந்த வேலையைச் சமையல்காரங்க தலையில கட்டாம, அதுக்குன்னே தனியா ஒரு மெஷின் வச்சா? தேங்காய் துருவ மெஷின் வைக்கிற மாதிரி! இன்டெல் 2011-லயே தன்னோட 'சாண்டி பிரிட்ஜ்' பிராசசர்கள்ல அதைக் கொண்டு வந்துச்சு. பேரு 'குவிக் சிங்க்'. பிராசசருக்குள்ள இருக்கிற கிராஃபிக்ஸ் பகுதியிலதான் அது குடியிருக்கு. என்விடியா, ஏ.எம்.டி. கிராஃபிக்ஸ்லயும் இதே மாதிரி மெஷின் உண்டு.

இங்கதான் ஒரு எழுத்து உங்க காலை வாரும். இன்டெல் நம்பர் கடைசியில 'எஃப்'னு இருந்தா, அதுல கிராஃபிக்ஸ் பகுதி கிடையாது. ஐ5-12400-ல குவிக் சிங்க் இருக்கு. ஐ5-12400எஃப்-ல இல்லை! "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, இது கொஞ்சம் சல்லிசு"ன்னு கடையில சொன்னா, கேம் ஆடுறவங்க தாராளமா தலையாட்டலாம். எடிட்டிங் பண்றவங்க, "அண்ணே, எஃப் இல்லாததே கொடுங்க"ன்னு சொல்லிடுங்க.

கல்யாண ஆர்டருக்கு மிரர்லெஸ் கேமரா வச்சு எடுக்கிறீங்களா? அந்தக் கேமராக்கள் பலதுல '4:2:2'ன்னு ஒரு மோடு இருக்கும். நிறத்தோட விவரத்தைக் கூடுதலா சேர்த்து வைக்கிற முறை அது. 12-ம் தலைமுறை இன்டெல்லோட குவிக் சிங்க், ஹெச்.265-ல வர்ற அந்த 4:2:2-வை அசால்ட்டா பிரிச்சுடும். என்விடியாவோ 2025-ல வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையிலதான் அதைச் சேர்த்துச்சு. அதுக்கு முந்தின கார்டு வச்சிருக்கிறவங்க தலையில மறுபடியும் பிராசசர் பாரம்தான். அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க கேமரா என்ன ஃபைல் கொடுக்குதுன்னு பாருங்க. பிராசசரைத் தேர்ந்தெடுக்கப் போறது உங்க ஃபைல்தான்!

அப்போ கோர் எண்ணிக்கை வேஸ்ட்டா? இல்லை பாஸ். கடைசியில வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ணும்போதும், எஃபெக்ட் குவியும்போதும் கூடுதல் கோர் கை கொடுக்கும். அது வெங்காயம் உரிக்கிற வேலை! ஆனா டாவின்சி ரிசால்வ் மாதிரி சாஃப்ட்வேர், கலர் வேலையில பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டையே நம்பி இருக்கு. அதுல எடிட் பண்றவங்க எல்லாக் காசையும் பிராசசர்ல கொட்டக் கூடாது.

மூணு பட்டன் ஜோசியம்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப்... மூணையும் சேர்த்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் வரும். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு வழக்கமான வேலையை ஓட்டுங்க. இனி கிளி சீட்டு எடுக்கும்...

மெமரி முட்டிக்கிட்டு நிக்குதா? வாங்க வேண்டியது ரேம். டிஸ்க் 100 சதவிகிதத்துல துடிக்குதா? எஸ்.எஸ்.டி. வாங்குங்க. கிராஃபிக்ஸ் 100-ஐத் தொடுதா? கார்டு மேட்டர். சி.பி.யூ. மட்டும் உச்சத்துல நிக்குதா? ஓ.கே., இப்பப் பேசுவோம் பிராசசர் பத்தி! ஒரு எச்சரிக்கை: சி.பி.யூ. 20 சதவிகிதம்னு காட்டினாலும், உள்ளே ஒரே ஒரு கோர் முழு மூச்சுல ஓடிக்கிட்டு இருக்கலாம். கிராஃப் மேல ரைட் கிளிக் பண்ணி, ஒவ்வொரு லாஜிக்கல் பிராசசரையும் தனித்தனியா காட்டச் சொல்லிப் பாருங்க.

புதுசு வாங்க இப்போதைக்கு வழியே இல்லையா? கவலைப்படாதீங்க. 'ப்ராக்ஸி'ன்னு ஒரு வழி இருக்கு. பெரிய 4கே ஃபைலுக்குப் பதிலா சின்ன நகலை வச்சு எடிட் பண்ணிட்டு, எக்ஸ்போர்ட் நேரத்துல மட்டும் ஒரிஜினலுக்கு மாறிக்கிறது. பிரீமியர், ரிசால்வ் ரெண்டுலயும் இருக்கு. சுமாரான லேப்டாப்பே வெட்டி ஒட்டுற வேலைக்குத் தாங்கிடும். முதல்ல அதுல ஒரு ஆர்டரை முடிச்சுப் பாருங்க. லோனை ஆறு மாசம் தள்ளிப் போட்டாலும் லாபம்தானே?

'ஐ7 தம்பி, ஐ7!'

செகண்ட் ஹேண்ட் கடையில அதிகமா காதுல விழுற மந்திரம் இது. ஐ7-ங்கிறது பதவி மாதிரி. எந்த வருஷத்துப் பதவின்னு கேட்கணும்!

2011-ல வந்த ஐ7-2600-ல 4 கோர், 8 த்ரெட். அதிகபட்சம் 3.8 கிகாஹெர்ட்ஸ். 2022-ல வந்த ஐ3-12100-லயும் 4 கோர், 8 த்ரெட். அதிகபட்சம் 4.3 கிகாஹெர்ட்ஸ். நம்பர்ல பார்த்தா பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனா ஒரே நொடியில புது சமையல்காரர் முடிக்கிற வேலை ரொம்ப அதிகம். பத்து வருஷத்துக்கு மேல பட்ட அனுபவமாச்சே! 'சாதாரண' ஐ3, அந்த 'பெரிய' ஐ7-ஐ ஊதித் தள்ளிடும்.

பெட்டி மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை விடுங்க. முழு நம்பரைக் கேளுங்க. ஐ5-12400-ன்னா முதல்ல இருக்கிற 12-தான் தலைமுறை. இன்டெல் 2024 அக்டோபர்ல டெஸ்க்டாப்புக்கும் 'கோர் அல்ட்ரா'ன்னு புதுப் பேரு வச்சுடுச்சு. அதனால பழைய கணக்கை அதுல போடாதீங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 முறையா ஓட, பொதுவா இன்டெல்ல 8-ம் தலைமுறைக்கு மேலயோ, ரைசன்ல 2000 வரிசைக்கு மேலயோ வேணும். அதுக்குக் கீழ எவ்வளவு மலிவா கொடுத்தாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

சரி, என்னதான் வாங்குறது?

எடிட்டிங்தான் பொழப்புன்னா: ஐ5-12400-ல இருந்து தொடங்கலாம். 6 கோர், 12 த்ரெட். காசு இருந்தா 12500 பாருங்க. வீடியோ பிரிக்கிற மெஷின் 12400-ல ஒண்ணு, 12500-ல ரெண்டு. ரேம் 16 ஜி.பி.க்குக் குறையவே கூடாது. 4கே தினசரி வேலைன்னா 32 இருந்தா நிம்மதி.

கேம்தான் உயிர்னா: ரைசன் 5 5600 இன்னமும் தில்லான ஆளு. ஆனா அது உட்காருற ஏ.எம்.4 போர்டு பழசு. பின்னாடி பெருசா மாத்திக்க வழி கம்மி. நாலு வருஷம் கழிச்சு பிராசசரை மட்டும் மாத்தணும்னு நினைக்கிறவங்க ஏ.எம்.5 போர்டுல ரைசன் 5 7600 போடலாம். அந்த சாக்கெட்டுக்கு 2027-க்கு அப்புறமும் ஆதரவு உண்டுன்னு ஏ.எம்.டி. சொல்லியிருக்கு.

கிராஃபிக்ஸ் கார்டு இப்ப முடியாதுன்னா: உள்ளேயே நல்ல கிராஃபிக்ஸ் இருக்கிற ரைசன் 5 5600ஜி, 8600ஜி மாதிரி 'ஜி' குடும்பம். லேசான கேம், காலேஜ் குறும்படம்... ரெண்டும் ஓடும். சாதா 5600-ல மானிட்டருக்குப் படமே வராது, கார்டு கட்டாயம். மறந்துடாதீங்க!

ஒரு நெளிவு சுளிவு. 2025 கடைசியில இருந்து ரேம் விலை உலகம் முழுக்க எகிறிடுச்சு. ஏ.ஐ. சர்வர்களுக்கே ரேம் அள்ளிக்கிட்டுப் போகுது. ஏ.எம்.5-க்கு டி.டி.ஆர்.5 ரேம் மட்டும்தான் பொருந்தும். 12400-க்கோ டி.டி.ஆர்.4 போர்டும் கிடைக்கும். பழைய ரேம் கையில இருந்தா அது பெரிய மிச்சம். பிராசசர் விலையை மட்டும் கேட்காம, பிராசசர், போர்டு, ரேம் மூணுக்கும் சேர்த்து, வாங்குற அன்னிக்கே விலை கேளுங்க.

நம்ம ஊரு வெயிலும் கரண்டும்

ஐ9-14900கே முழு வேகத்துல ஓடினா 253 வாட் வரைக்கும் இழுக்கும். ஐ5-12400 அதிகபட்சம் 117 வாட். இந்த வாட் எல்லாம் எங்க போகுது? சூடா உங்க ரூமுக்குள்ளயே! சித்திரை வெயில்ல, ஓட்டு வீட்டுல, ஃபேன் மட்டும் சுத்துற ரூம்ல ரெண்டு மணி நேரம் எக்ஸ்போர்ட் ஓடினா என்ன ஆகும்? சூடு எல்லையைத் தொட்டதும் பிராசசர் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். ஐ9-க்குக் காசு கொடுத்துட்டு, ஓடுறது என்னவோ அரை வேகத்துல! பெரிய பிராசசர் வாங்கினா பெரிய கூலரும் நல்ல கேபினெட்டும் சேர்த்துதான் பட்ஜெட். கம்பம் பள்ளத்தாக்கு ஆடிக் காத்து கொண்டு வர்ற தூசியையும் மாசம் ஒரு தடவை ஃபில்டர்ல இருந்து தட்டிடுங்க.

யூ.பி.எஸ்.லயும் உஷார். 600 வி.ஏ.ன்னு போட்டிருந்தா 600 வாட்னு நினைச்சுக்காதீங்க. பல மாடல்கள்ல அது 360 வாட்தான். கிராஃபிக்ஸ் கார்டோட முழு வேகத்துல ஓடுற கேமிங் பெட்டியை அது தாங்காம பொட்டுனு அணைஞ்சுடும். கல்யாண வீடியோ 95 சதவிகிதத்துல நிக்கும்போது அந்தச் சத்தம் கேட்டவங்களுக்குத்தான் வலி தெரியும்!

கடைக்குப் போறப்ப...

தேனியில கேளுங்க. 2022-ல திரும்ப ஓட ஆரம்பிச்ச ரயில்ல ஏறி மதுரையிலயும் கேளுங்க. ஆன்லைன் விலையையும் பார்த்துக்கங்க. மூணையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. அப்புறம்...

சீல் உடையாத பாக்ஸ் பிராசசரா கேளுங்க. அதுக்கு பொதுவா 3 வருஷம் கம்பெனி வாரன்ட்டி. பாக்ஸ் இல்லாம 'ட்ரே' சில்லுன்னு கொடுத்தா, வாரன்ட்டி யார் பொறுப்புன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. சீரியல் நம்பரும் பில்லுல இருக்கணும்.

வீட்டுக்கு வந்ததும் சி.பி.யூ.-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேரைப் போட்டு, உள்ளே இருக்கிறது சொன்ன பிராசசர்தானான்னு பாருங்க.

செகண்ட் ஹேண்ட்ல 13, 14-ம் தலைமுறை ஐ7, ஐ9 கிடைச்சா கூடுதல் ஜாக்கிரதை. அந்தத் தலைமுறைகளோட அதிக வாட் சில்லுகள் சிலதுல வோல்டேஜ் எகிறி கிராஷ் ஆகுற கோளாறை 2024-ல இன்டெல்லே ஒப்புக்கிட்டு, பயாஸ் அப்டேட் கொடுத்துச்சு. பாக்ஸ் பிராசசர் வாரன்ட்டியையும் ரெண்டு வருஷம் நீட்டிச்சுது. ஆனா ஏற்கெனவே அடிபட்ட சில்லை அப்டேட் சரி பண்ணாது. முந்தின ஓனர் அப்டேட் போட்டு ஓட்டினாரான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

அவ்வளவுதான் பாஸ்! அடுத்த சித்திரைக்கு வளைகுடாவுல இருக்கிற அண்ணன், திருப்பூர்ல லீவு கிடைக்காத அக்கா எல்லாரும் போன்ல உங்க வீடியோவுக்குத்தான் காத்திருக்கப் போறாங்க. சட்டி தூக்கி வர்ற அம்மா முகம் திக்காம, திணறாம தெரியணும். "என்ன பிராசசர் போட்டே?"ன்னு அவங்க ஒருத்தரும் கேட்கப் போறதில்லை. தவணை கட்டி முடிச்ச அம்மாவும் கேட்க மாட்டாங்க.

சரி, முதல்ல அந்த மூணு பட்டனை அமுக்குங்க. கடைக்கு அப்புறம் போகலாம்!